அம்மா எடுக்கிற ஆப் எது?

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்று ஊர். அக்கா சிங்கப்பூரில், தம்பி தன் மனைவி குழந்தையோடு ஷார்ஜாவில், நான் சென்னையில். அம்மாவும் அப்பாவும் அறந்தாங்கியில். வீடியோ காலுக்கு எந்த ஆப் நல்லது என்று என்னிடம் கேட்பவர்கள் படம் தெளிவாக வருமா, டேட்டா எவ்வளவு தின்னும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: அந்தப் பக்கம் போனை எடுக்கப்போவது யார்? எங்கள் வீட்டில் அது 68 வயது அம்மா. அடுப்படியிலிருந்து ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எடுப்பதற்குள் மணி நின்றுவிடக் கூடாது. அம்மாவை வைத்துத்தான் எல்லா ஆப்பையும் எடைபோட்டேன்.

வாட்ஸ்அப்பில் தொடங்கலாம். அதில் வீடியோ அழைப்பு வந்தது 2016 நவம்பரில். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஜியோ வந்து டேட்டா விலை சரிந்திருந்ததால், அதுவரை ஐ.எஸ்.டி. கார்டு வாங்கி நிமிடக் கணக்குப் பார்த்துப் பேசிய வீடுகளில் எல்லாம் முகம் பார்த்துப் பேசுவது சட்டென்று சாதாரணமாகிவிட்டது. இதன் பெரிய பலம், அது போன் மாதிரியே மணியடிக்கும். லிங்க் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. பேரும் படமும் வரும், பச்சையைத் தொட வேண்டியதுதான். அப்புறம் 2023-இல் ஸ்கிரீன் ஷேர் வந்தது. இது எங்களுக்குப் பெரிய உதவி. அம்மா போனில் எழுத்து திடீரென்று சின்னதாகிவிட்டால், கரண்ட் பில் கட்டும் இடத்தில் மாட்டிக்கொண்டால், அக்கா சிங்கப்பூரிலிருந்தே அம்மாவின் திரையைப் பார்த்து "மேலே அமுக்கும்மா, இல்லம்மா அதுக்குப் பக்கத்துல" என்று சொல்லிக்கொடுத்துவிடுவாள். பின்பக்க கேமராவைத் திருப்பி மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லி, காலை மாத்திரையா ராத்திரி மாத்திரையா என்று பார்த்துச் சொல்வதும் அவள்தான்.

ஆனால் தம்பி விஷயத்தில் வாட்ஸ்அப் உதவாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், வாய்ஸ் நோட் போகும், அழைப்பு மட்டும் போகாது. அங்கே இணைய அழைப்புக்கு அனுமதி பெற்ற ஆப்கள் தனி. நம் ஊர்க்காரர்கள் அதிகம் வைத்திருப்பது போட்டிம். வி.பி.என். (இருக்கும் நாட்டை மறைத்து இணையத்தில் நுழையும் வழி) போட்டுப் பேசலாமே என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். தடை செய்ததைத் தாண்டிப் போக வி.பி.என். பயன்படுத்தினால் அந்த ஊர்ச் சட்டத்தில் கடுமையான அபராதம் உண்டு. பிழைக்கப் போன இடத்தில் அந்த ஆபத்து எதற்கு?

போட்டிமும் போன் மாதிரிதான் மணியடிக்கும், பேசும் விதத்தில் வாட்ஸ்அப்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் இந்தப் பக்கத்தில்தான்: ஊரில் இருப்பவர் போனிலும் அதைப் போட்டுத் தர வேண்டும், நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கொடுக்க வேண்டும், பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே பின்னணியில் ஆப்பை மூடிவிடாமல் அமைப்பில் மாற்ற வேண்டும். இந்தக் கடைசி வேலையை நாங்கள் செய்யாமல் விட்டதில், ஒரு வாரம் முழுக்கத் தம்பி கூப்பிட்டது எதுவுமே அம்மாவுக்கு மணியடிக்கவில்லை. பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று அம்மாவும், அம்மா ஏன் எடுக்கவில்லை என்று தம்பியும் எனக்குப் போன் செய்தார்கள். லீவுக்கு வருகிற பிள்ளைகள் ஊரை விட்டுக் கிளம்பும் முன் இதை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சரி, எல்லோரும் ஒன்றாகப் பேச? வாட்ஸ்அப்பில் 32 பேர் வரை ஒரே அழைப்பில் சேரலாம், ஆனால் ஷார்ஜா விடுபட்டுவிடும். மிச்சம் கூகுள் மீட்டும் ஜூமும். இரண்டுமே அமீரகத்தில் அனுமதி உள்ளவை. இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்தில் நின்றுவிடும், மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். வளைகாப்பு, பொங்கல் என்று சித்தப்பா பெரியப்பா வீடுகள் எல்லாம் சேரும்போது ஒரு திரையில் நிறைய முகங்களை வரிசையாகப் பார்க்க ஜூம் எனக்குப் பிடிக்கும், வீட்டில் ஒருவர் காசு கட்டி வைத்திருந்தால் நேரக் கவலையும் இல்லை. வாராவாரம் பேச மீட்தான். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், லேப்டாப்பில் எதையும் இறக்காமல் பிரவுசரிலேயே திறக்கும். நான் லிங்க்கை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு உடனே அம்மாவுக்குச் சாதாரணப் போன் செய்து, "நீலக் கலர்ல இருக்குல்ல, அதைத் தொடும்மா" என்பேன். ஞாயிறு காலை பதினொன்றரை மணி எங்கள் நேரம். ஷார்ஜாவில் பத்து, சிங்கப்பூரில் மதியம் இரண்டு. அமீரகம் 2022-இல் வார விடுமுறையை மாற்றும் வரை தம்பிக்கு ஞாயிறு வேலை நாள், அதனால் இந்த நேரமே எங்களுக்கு வாய்க்கவில்லை.

ஃபேஸ்டைம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் ஐபோன் என்றால் அருமை. ஆண்ட்ராய்டுக்காரர்கள் 2021 முதல் லிங்க் வழியாகப் பிரவுசரில் சேரலாம், ஆனால் அவர்களாகக் கூப்பிட முடியாது. அமீரகத்தில் அதுவும் கிடையாது.

ஆப்பை விட்டுவிட்டு வீடியோவா, குரலா என்று கேட்டால்? குழந்தை இருக்கிற வீட்டுக்கு வீடியோதான், சந்தேகமே வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016-இல் ஒன்றரை வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று சொன்னபோதுகூட வீடியோ அழைப்புக்கு விலக்குக் கொடுத்தது. காரணத்தை நான் கண்ணால் பார்த்தேன். ஒன்றே முக்கால் வயதில் முதல்முறையாக ஊருக்கு வந்த தம்பி மகள், திருச்சி விமான நிலையத்தில் யாரிடமும் போகாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள், அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டினாள். அதுவரை அம்மா அவளைத் தொட்டதே இல்லை. தினமும் சாயங்காலம் போட்டிமில் நிலாவைக் காட்டிப் பருப்பு சாதம் ஊட்டுகிற மாதிரி கையை நீட்டிப் பேசியதுதான்.

அப்பா நேர்மாறு. வீடியோவில் வந்தால் "எல்லாம் நல்லாருக்கு, சாப்பிட்டியா" என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். தன் முகம் ஒரு ஓரத்தில் தெரிவது அவருக்குக் கூச்சம். வெறும் குரலில் கூப்பிட்டால் திண்ணையில் உட்கார்ந்து முழங்கால் வலி, கிணற்றில் தண்ணீர் இறங்கியது, அக்காவை நினைத்துத் தூக்கம் வராதது எல்லாம் பேசுவார். அதனால் வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், அவருக்கு மட்டும் சாதாரணப் போன் கால் செய்கிறோம். மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம், தம்பிக்கு வியாழன்.