டேங்கில் துரு எடுத்ததாகச் சொன்னார்கள், நம்பினேன்

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். என்னுடையது கார்புரேட்டர் காலத்து வண்டி. ஃபில்டரில் செம்மண் போலத் துரு சேர்ந்துகொண்டே இருந்தது. பெட்ரோல் டேங்கை இறக்கி, உள்ளே ஆசிட் வாஷ் செய்து, கோட்டிங் போட்டுத் தரச் சொல்லி ஒரு பட்டறையில் விட்டேன்.

இறக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். பேட்டரி ஒயரைக் கழற்றவில்லை. டேங்கில் கால்வாசி பெட்ரோல் இருந்தது, அதை வடிக்கவும் இல்லை. நடுவில் ஒரு பலகைகூட வைக்காமல் மெக்கானிக் ஜாக்கியை நேராக டேங்கின் அடியில் கொடுத்தார். அடித்தகடு குழிந்தது. டேங்கைத் தாங்கும் பட்டையின் போல்ட் துருவேறி அசையவில்லை என்றதும் கிரைண்டரை எடுத்தாரே பார்க்கலாம், எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். நிறைந்த டேங்கைவிட, வடித்துவிட்டு ஆவி மட்டும் மிஞ்சியிருக்கும் டேங்க்தான் பயங்கரம். "எத்தனை வண்டி பார்த்திருக்கோம் சார்" என்று சிரித்தார். சண்டை போட்டு, பெட்ரோலை வடிக்க வைத்து, போல்ட்டில் எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். மறுநாள் வெறும் ஸ்பேனருக்கே கழன்றது.

அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். டேங்க் இல்லாத வண்டியை எங்கே தள்ளிக்கொண்டு போவது? விட்டுவிட்டு வந்தேன். உள்ளே என்ன செய்தார்கள் என்று பார்க்கவில்லை. என் தப்பு அதுதான்.

திரும்பி வந்த வண்டி அரை மணி நேரம் ஓடும், அப்புறம் இருமி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே போகும்; உடனே ஸ்டார்ட் ஆகும். டேங்குக்குள் காற்று போவதற்கென்று இருக்கும் காற்றுக்குழாயின் வாயையும் சேர்த்துக் கோட்டிங்கால் அடைத்திருந்தார்கள். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடமாகி, பம்பால் இழுக்க முடியவில்லை. வண்டிக்குள் பெட்ரோல் நாற்றம் வேறு.

இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி இறக்கினோம். பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவையைக் கழற்றினால், புது வாஷர் என்று பில்லில் எழுதிய இடத்தில் பழைய வாஷரும் அதன்மேல் சாதாரண சிலிக்கான் பசையும். அது பெட்ரோலில் ஊறிக் கொழகொழவென்று உப்பியிருந்தது. கோட்டிங் தோல் உரிவதுபோல் வந்தது. அடியில் அதே துரு! ஆசிட் வாஷ் நடக்கவே இல்லை. துரு போய், நன்றாகக் காய்ந்த தகட்டில்தான் கோட்டிங் பிடிக்கும். உரிந்த தோலெல்லாம் கார்புரேட்டர் வரைக்கும் போயிருந்தது.

பட்டறையில் கேட்டதற்கு, "நீங்க போட்ட பெட்ரோல் சரியில்லை" என்றார்கள். இப்போது போனையே எடுப்பதில்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், கோட்டிங் ஊற்றுவதற்கு முன் கூப்பிடச் சொல்லுங்கள். மிதவை இருந்த ஓட்டை வழியாக உள்ளே பாருங்கள், தகடு சாம்பல் நிறத்தில் தெரிய வேண்டும். காற்றுக்குழாயில் ஊதிப் பாருங்கள். கழற்றிய பழைய வாஷரைக் கையில் கேட்டு வாங்குங்கள். உரிந்த கோட்டிங்கை நான் ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், பில்லோடு சேர்த்து.