முலாம் தங்கமா, பெயின்ட் தங்கமா? த்ரீபியோ வாங்கும் முன்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் மூன்று சி-3பிஓ பொம்மைகள் நிற்கின்றன. ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் தங்க நிற ரோபோ அவன், செல்லமாக த்ரீபியோ. மூன்றும் மூன்று தங்கம். ஒன்று புதுக் கவரிங் வளையல் மாதிரி ஜொலிக்கிறது. ஒன்று எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய குத்துவிளக்கு மாதிரி மங்கிக் கிடக்கிறது. இன்னொன்று தேய்ந்து தேய்ந்து எந்த நிறமென்று சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஜொலிக்கிறதைத்தான் கையில் எடுப்பார்கள். அம்மா மட்டும் மங்கினதைக் காட்டி, "ஏன்டா இத இப்படி அழுக்கா வச்சிருக்க? கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும்ல" என்றார். அந்த அழுக்குக்குத்தான் நான் மூன்றிலும் அதிகமாகக் காசு கொடுத்தேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

த்ரீபியோ வாங்க நினைக்கிறவர் முன்னால் இருக்கும் கேள்வி சின்னதுதான்: முலாம் பூசியதை வாங்குவதா, பெயின்ட் அடித்ததை வாங்குவதா? ஆனால் எது திரையில் பார்த்த த்ரீபியோவுக்கு நெருக்கம் என்று யோசிக்க ஆரம்பித்தால், கேள்வி அவனுடைய வலது காலில் போய் மாட்டிக்கொள்ளும்.

1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் த்ரீபியோவின் வலது முழங்காலுக்குக் கீழே கால் தங்கமே இல்லை, வெள்ளி. 1980, 1983 படங்களிலும் அப்படித்தான். படத்தைப் பத்து தடவை பார்த்தவர்கள்கூட இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். காரணம், வெள்ளி என்பது கண்ணாடி. எதிரில் என்ன இருக்கிறதோ அதன் நிறத்தைத்தான் காட்டும். முதல் படத்தின் பாலைவனக் காட்சிகள் துனிசியாவில் எடுக்கப்பட்டவை. சுற்றிலும் மணல், பக்கத்திலேயே இன்னொரு தங்கக் கால். வெள்ளிக் கால் இரண்டையும் வாங்கிக்கொண்டு தானும் தங்கமாகி நின்றது.

த்ரீபியோ என்பது ஒரு நடிகர் மாட்டிக்கொண்ட உடைதான். அதனால் 'உடைக்கு உண்மை' வேறு, 'திரைக்கு உண்மை' வேறு. பொம்மை விற்பவர்கள் இரண்டையும் ஒரே சொல்லால் விற்கிறார்கள், நாமும் அப்படியே வாங்கிவிடுகிறோம். என் அலமாரிக்கு டியூப்லைட் வெளிச்சமும் வெள்ளைச் சுவரும்தான் பின்னணி. அங்கே முலாம் பூசிய வெள்ளிக் கால் வெள்ளை வெளேரென்று தனியாகத் தெரிகிறது, வேறு பொம்மையின் காலை எடுத்து மாட்டினாற்போல. உடைக்கு அது நூற்றுக்கு நூறு சரி. திரையில் நான் பார்த்ததோ அது இல்லை.

முலாம் எப்படி ஏறுகிறது

பிளாஸ்டிக் பொம்மையின் தங்க முலாமில் தங்கம் துளியும் கிடையாது. துண்டுகளுக்கு முதலில் வழவழப்பான அரக்குப் பூச்சு ஒன்று கொடுப்பார்கள். பிறகு காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் வைத்து, அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்குவார்கள். அந்த ஆவி துண்டுகளின் மேல் படிந்து, ஒரு மைக்ரானைவிடவும் மெல்லிய படலமாகிவிடும். இந்தக் கட்டத்தில் எல்லாமே வெள்ளிதான். அதன் மேல் மஞ்சள் சாயம் கலந்த தெளிவான பூச்சு ஒன்று ஏறியதும் தங்கமாகிவிடுகிறது. வெள்ளிக் காலுக்கு மஞ்சளை ஏற்றாமல் விட்டால் போதும்.

இது தெரிந்தால் முலாமின் பலமும் பலவீனமும் தானாகவே விளங்கும். எந்த பெயின்ட்டாலும் அந்தக் கண்ணாடிப் பளபளப்பைத் தொட முடியாது. அதே சமயம், அச்சில் இருக்கும் சின்ன மேடு பள்ளத்தைக்கூட அது பெரிதாக்கிக் காட்டும். அடியில் கொடுக்கும் அரக்கு தடித்துவிட்டால் நுணுக்கமான கோடுகள் தூர்ந்துவிடும். உரசினால் முதலில் மஞ்சள் போய் வெள்ளி எட்டிப் பார்க்கும், பிறகு வெள்ளியும் போய்ப் பிளாஸ்டிக் தெரியும். கவரிங் போட்டுப் பழகின வீட்டில் இதைப் பாடமாக நடத்தத் தேவையில்லை. எங்கே தோல் உரசுகிறதோ அங்கேதான் முதலில் கறுக்கும்.

கென்னர், 1978

தேய்ந்துபோனது என்று சொன்னேனே, அதுதான் இது. அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் 1978-ல் கடைக்குக் கொண்டுவந்த முதல் 12 உருவங்களில் ஒன்று. உயரம் மூன்றே முக்கால் அங்குல வரிசை. தலை முதல் கால் வரை ஒரே தங்க முலாம், இரண்டு காலும் தங்கம்தான். வயிற்றில் தெரியும் வயர்களுக்குத் தனி நிறம் கிடையாது, கண்ணுக்கும் கிடையாது. இன்றைய சேகரிப்பாளர் கணக்கில் பார்த்தால் மதிப்பெண் பூஜ்யம்.

ஆனால் எனக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு. 1977-ல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த பையன் கண்ணுக்குத் தெரிந்தது இந்த த்ரீபியோதான்: இரண்டு காலும் தங்கமான ஆள். உடையைப் பார்த்தால் தப்பு, பார்த்தவன் ஞாபகத்தைக் கேட்டால் சரி. என்னிடம் இருப்பது கைமாறிக் கைமாறி வந்தது. முன்பு வைத்திருந்தவர் அதை நன்றாக விளையாடித் தேய்த்திருக்கிறார். மூக்கு நுனி, தோள், முழங்கால் முட்டு எல்லாம் போய்விட்டது. அக்குளில் விரல் போகாத இடத்தில் மட்டும் இன்னும் புதுத் தங்கம் ஒளிந்திருக்கிறது.

நல்ல நிலையில் உள்ள ஒன்றை வாங்கச் சொல்வேனா? மாட்டேன். அது பழம்பொருள் சேர்ப்பவர்களின் வேறு ஆட்டம்.

பாண்டாய் கிட்

உண்மையான போட்டி இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஜப்பானின் பாண்டாய் நிறுவனத்தின் 1/12 அளவு (அதாவது அசல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு) பிளாஸ்டிக் கிட் நாமே கோத்துச் சேர்ப்பது, பசை வேண்டாம், அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். தங்க முலாமோடு வருகிறது, வெள்ளிக் காலும் உண்டு. வடிவத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. முகத்தில் அந்தத் திகைத்த பார்வை, முழங்கைக்குப் பக்கத்து உருளைத் தண்டு எல்லாம் இந்த விலைக்கு நம்ப முடியாத நேர்த்தி.

வேலை செய்கிறவன் தவறினால் மட்டும் கிட் மன்னிக்காது. துண்டுகளை அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து நறுக்கும்போது, வெட்டின இடத்தில் முலாம் இருக்காது. முலாம் கிட்களில் அந்தத் தழும்பு மறைவான பக்கம் வரும்படி அச்சை அமைப்பது நல்ல தயாரிப்பாளர்களின் வழக்கம். அப்படியும் நான் ஒரு முன்கைத் துண்டில் நிப்பரை, அதாவது வெட்டுக் குறடை, ஒட்ட வைத்து அழுத்தி, அரிசி மணி அளவுக்கு முலாமைப் பெயர்த்துவிட்டேன். தங்க மார்க்கரால் தொட்டு வைத்தேன். நேராகப் பார்த்தால் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் அந்த இடம் மட்டும் வெல்லப்பாகு நிறத்தில் நிற்கும். பெயின்ட் அடித்த பொம்மையில் இதே காயத்தை அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். முலாமுக்கு ஒட்டு வைத்தியம் கிடையாது.

இன்னொரு சிக்கல் அளவு. பதினான்கு பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் கண்ணாடி மாதிரி மின்னும் ஓர் உருவம் எதைக் காட்டும்? முதலில் கோத்து வைத்தபோது இவன் நெஞ்சில் சீலிங் ஃபேன் சுற்றியது, வயிற்றுக்கு மேலே என் மூக்கு தெரிந்தது. திரையில் அவன் நெஞ்சில் வானமும் மணலும்தான் இருந்தன. பிரதிபலிப்பின் அளவு தப்பியதும், மூளை உடனே 'இது பொம்மை' என்று சொல்லிவிடுகிறது. சின்ன உருவங்களுக்குப் பளபளப்பைக் கொஞ்சம் அடக்க வேண்டும் என்று கிட் செய்பவர்கள் சொல்வது இதனால்தான்.

நானும் அடக்கப் பார்த்தேன். பளபளப்பைக் குறைக்கும் மேட் டாப்கோட் ஸ்ப்ரே வாங்கி, ஐப்பசி மழை விட்ட ஒரு மாலையில் மொட்டை மாடியில் அடித்தேன். சென்னை ஐப்பசிக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்று தெரிந்தும் அடித்தேன். பத்து நிமிடத்தில் தங்கம் முழுக்கப் பாலாடை படிந்தாற்போல வெளுத்துவிட்டது. பூச்சு காயும்போது ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் அப்படித்தான் ஆகும். தை பிறந்து காற்று உலர்ந்த பிறகு, அதே ஸ்ப்ரேயை மெல்லியதாக இன்னொரு தடவை அடித்ததும் பெரும்பாலும் தெளிந்தது. முதுகில் மட்டும் ஒரு மேகம் மிச்சம்.

பெரிய அளவு, பெயின்ட் தங்கம்

அம்மா புளி போடச் சொன்னது இவனைத்தான். 1/6 அளவு, ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு. தயாரித்தவர் பெயர் இங்கே வேண்டாம், ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

பெயின்ட் தங்கம் என்பது தெளிவான பூச்சுக்குள் மிதக்கும் உலோகச் செதில்கள். செதில் பெரிதாக இருந்தால் ஜிகினா ஒட்டின மாதிரி மினுக்கும், பொம்மை திருவிழாக் கடைச் சாமானாகிவிடும். செதில் நுண்ணியதாக, அடியில் பளபளப்பான கறுப்பு கொடுத்து அதன் மேல் மெல்லியதாக ஏற்றினால், உலோகம் போலவே தெரியும், முகம் பார்க்கிற அளவுக்கு மட்டும் போகாது. என்னிடம் இருப்பது இரண்டாவது ரகம். அதன் மேல் அழுக்கு. மூட்டு இடுக்குகளில் பழுப்பு, இடுப்பில் எண்ணெய் வழிந்த கோடு, முழங்காலில் மணல் நிறத் தூசி.

படத்தில் பெரும்பாலான நேரம் த்ரீபியோ இப்படித்தான் இருக்கிறான். பாலைவனத்தில் அலைகிறான், எண்ணெய்க் குளியல் போடுகிறான், டஸ்கன் கொள்ளையரிடம் கையை இழக்கிறான். கடைசிப் பதக்க விழாவில்தான் தேய்த்துத் துடைத்த புதுத் தங்கமாக வந்து நிற்கிறான். முலாம் பொம்மைகள் எல்லாம் அந்த ஒரு காட்சியின் த்ரீபியோ. பெயின்ட் பொம்மை மீதிப் படத்தின் த்ரீபியோ.

கால் விஷயத்தில்தான் இந்த பெயின்ட்காரர் என்னை வீழ்த்தினார். வலது காலுக்குச் சுத்த வெள்ளி அடிக்கவில்லை. வெள்ளியில் ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்து, மேலே மணல் தூசியையும் தூவியிருக்கிறார். எட்ட நின்று பார்த்தால் இரண்டு காலும் ஏறக்குறைய ஒன்று. கிட்டே போனால்தான் வித்தியாசம் தெரிகிறது. துனிசியா வெயில் செய்த வேலையை இவர் தூரிகையால் செய்துவிட்டார்.

குறை? பெட்டியிலிருந்து எடுத்து முதன்முதலாகத் தோளைத் திருப்பினேன், மூட்டு ஓரத்தில் நகக்கண் அளவு பெயின்ட் உரிந்து கையோடு வந்தது. எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. இவ்வளவு விலைக்கு அது நியாயமே இல்லை, அதனால்தான் பெயரை விட்டேன். நானே நிறம் கலந்து தொட்டு வைத்தேன். இன்று அந்த இடத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியாது. முலாமாக இருந்திருந்தால் அது ஆயுளுக்கும் நின்றிருக்கும்.

மூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எத்தனை மூட்டு இருக்கிறது என்று எண்ணித்தான் பலர் பொம்மை வாங்குகிறார்கள். த்ரீபியோவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. உள்ளே இருந்த நடிகர் ஆண்டனி டேனியல்ஸால் அந்த உடையோடு உட்காரக்கூட முடியாது. மடிந்த கையும் குட்டி குட்டி அடியும்தான் அந்தப் பாத்திரம். மண்டி போட்டு வாள் சுழற்றும் த்ரீபியோ எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் பொய்தான்.

இந்தச் சண்டை தங்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை. அதே படத்து வில்லன் டார்த் வேடரை எடுத்துக்கொள்ளுங்கள். சிற்பி பிரையன் மியூர் கையால் செதுக்கிய அந்த முகமூடி முழுக் கறுப்பு இல்லை, கறுப்போடு துப்பாக்கி இரும்பின் சாம்பல் நிறமும் கலந்த இரட்டை நிறம். இடமும் வலமும் ஒரே மாதிரியும் இல்லை. மலிவான பொம்மைகள் இதையெல்லாம் மொத்தமாகக் கறுப்பில் முக்கி எடுத்துவிடும். 2005 படத்தில் வந்த முகமூடிதான் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. இரண்டு பக்கமும் ஒத்த வேடர்தான் பிடிக்கும் என்றால், அந்தப் படத்து வேடரை வாங்குவது உத்தமம்.

சரி, எதை வாங்குவது? கை வேலையில் ஆசையும், சொதப்பினால் தாங்கும் மனசும் இருந்தால் பாண்டாய் கிட். பளபளப்பை அடக்குகிற வேலையை உலர்ந்த மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கென்னர் ஞாபகத்துக்கு. ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன், அதை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெயின்ட் அடித்த 1/6. இந்தியாவில் இருப்பவர்கள் விலையைப் பார்க்கும்போது சுங்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். பொம்மைகள் மீதான அடிப்படை இறக்குமதி வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் ஏறியது. வெளிநாட்டுத் தளத்தில் தெரியும் விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டிவிடாதீர்கள்.

ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்ததை வாங்குகிறீர்கள் என்றால், விற்பவர் முன்பக்கப் படங்களை வரிசையாக அனுப்புவார். காலை மடக்கி, முழங்காலின் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முலாம் முதலில் விட்டுப்போவது அங்கேதான்.