தொழில் நெறிப் பயிற்சி: சான்றிதழா, சனிக்கிழமைக் கூட்டமா?

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலைப் படிப்பை முடித்து வேலையில் உட்கார்ந்துவிட்டால், அதற்குப் பிறகு 'படி' என்று நம்மைச் சொல்ல ஆள் கிடையாது. வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது, நர்ஸுக்கு நர்சிங் கவுன்சில் இருக்கிறது. சமூகப் பணிக்கென்று தனிக் கவுன்சில் இந்தியாவில் இன்னும் வரவில்லை. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்களுக்குப் பதிவைப் புதுப்பிக்க, தொடர் பயிற்சிக்குக் கிடைக்கும் சி.ஆர்.இ. பாயிண்ட் வேண்டும். மற்றவர்கள் பாடு அவரவர் மனசாட்சி விட்ட வழி.

நான் ஒரு மருத்துவமனையில் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர். தொழில் நெறியைக் கற்க ஆன்லைன் படிப்பு, கல்லூரியில் நடக்கும் இரண்டு நாள் பயிலரங்கம், சக பணியாளர்கள் எட்டுப் பேர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடி கேஸ் பேசும் கூட்டம் என்று மூன்றிலும் இருந்து பார்த்துவிட்டேன். ஒளிப்பானேன், என் ஓட்டு சனிக்கிழமைக்குத்தான்.

ஆன்லைனில் செலவு குறைவு, நேரமும் நம் கையில். ஸ்வயம் போன்ற தளங்களில் பாடம் இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் நான் படித்தேன். குறை சொல்ல மாட்டேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு ரகசியம் காப்பதைப் பற்றி என்ன சொல்கிறது, எங்கெல்லாம் விலக்கு தருகிறது என்பதை ஒழுங்காகப் படித்தது அப்போதுதான்.

பயிலரங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோல்டர், பேனா, குரூப் போட்டோ, மதியம் சாப்பாடு. பேச வந்தவர் 'பயனாளியிடம் பரிசு வாங்கக் கூடாது' என்ற ஸ்லைடைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். டிஸ்சார்ஜ் ஆன மகனோடு ஒரு அம்மா மஞ்சள் பையில் பத்து முருங்கைக்காயைக் கொண்டுவந்து, "நம்ம வீட்டு மரத்துக் காய்தான் தாயி" என்று மேஜையில் வைக்கும்போது என்ன செய்வதென்று அந்த ஸ்லைடில் இல்லை. எங்கள் கூட்டத்தில் மூத்த அக்கா ஒருவர் வழி சொன்னார்: "மூஞ்சியில அடிச்ச மாதிரி வேணாம்னு சொல்லாத. வாங்கி, அவங்க கண்ணு முன்னாடியே வார்டு ஆயாகிட்ட கொடு. ஃபைல்ல ஒரு வரி எழுதி வை." இதிலும் ஓட்டை இருக்கிறது என்று இன்னொருவர் அரை மணி நேரம் சண்டை போட்டார். அந்தச் சண்டையில் கற்றது எனக்கு இன்னும் உதவுகிறது.

ஆனால் நான் கூட்டத்தின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் முருங்கைக்காய் இல்லை. படித்ததைப் பிறகு யார் புதுப்பித்துக் கொடுப்பது என்பதுதான். வாங்கும்போது எல்லா வண்டியும் ஓடும். சர்வீசுக்கு விட இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

பதினேழு வயதுப் பெண், ஒன்பது வாரக் கர்ப்பம். அம்மாவோடு வந்திருந்தாள். கலைத்துவிட வேண்டும், ஆனால் பெயர் வெளியே வரக் கூடாது. "போலீசு வீட்டு வாசல்ல வந்து நின்னா நாங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்க மாட்டோம்மா" என்று அந்த அம்மா என் மேஜையைப் பிடித்துக்கொண்டே பேசினார். நான் ஆன்லைனில் படித்தது 2021-இல். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி விஷயம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை என்பதோடு அந்தப் பாடம் நின்றுவிட்டது. சட்டம் அதுதான், தப்பில்லை. ஆனால் 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு வழக்கு ஒன்றில் இன்னொன்றும் சொன்னது. சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீசுக்குத் தரும் தகவலில் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. என் வீடியோவுக்கு இது தெரிய வழியில்லை.

மாடிப்படியில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். "தகவல் கொடுக்கிறது அப்படியேதான் இருக்கு, அது போகல. பேரை விடலாம்னுதான் தீர்ப்பு. அதுவும் டாக்டரைப் பத்தித்தான் பேசுது, நம்மளைப் பத்தி இல்ல. தனியா எதையும் முடிவு பண்ணாதம்மா. டாக்டரோட உட்காரு, அவங்க கேட்கிறதை எழுதி வாங்கி ஃபைல்ல வை." பேசியது நான்கு நிமிடம் இருக்கும். சான்றிதழைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் போன் நம்பரா இருக்கிறது?

கூட்டத்திலும் கோளாறு உண்டு. ஆரம்பத்தில் ஒருவர் தெருப் பெயரைச் சொல்லிக் கேஸைத் தொடங்க, எங்களில் இருவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. நெறி பேச உட்கார்ந்த இடத்திலேயே நெறி உடைந்தது. அன்றிலிருந்து ஊர், வயது, தொழில் மூன்றையும் மாற்றித்தான் சொல்வது, வாட்ஸப்பில் கேஸ் எழுதுவதே இல்லை என்று வைத்துக்கொண்டோம். எட்டுப் பேரும் சேர்ந்து தவறாக நினைக்கவும் வாய்ப்புண்டு. அதற்காக வருடத்தில் இரண்டு முறை ஒரு வக்கீலைக் கூப்பிடுகிறோம். வெறும் அரட்டையாகிவிடக் கூடாதென்று, கேஸுக்கு முன் டாட்டா சமூக அறிவியல் கல்வி நிறுவனத்தில் உருவான 1997 நெறிமுறை அறிக்கையிலோ சமூகப் பணியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பின் 2018 நெறிக் கோட்பாடுகளிலோ ஒரு பக்கம் வாசிக்கிறோம். டீக்கும் வடைக்கும் ஆளுக்கு முப்பது ரூபாய்.

ஆர்.சி.ஐ. பதிவைப் புதுப்பிக்க வேண்டியவர் என் பேச்சைக் கேட்டு ஏமாற வேண்டாம். டீக்கடைப் பேச்சுக்கு பாயிண்ட் தர மாட்டார்கள்; அங்கீகாரம் பெற்ற பயிற்சிக்குத்தான் போக வேண்டும். வேலை மாற நினைப்பவருக்கும் ஆன்லைன் சான்றிதழ் ஒன்று கையில் இருப்பது நல்லது, இன்டர்வியூவில் அதைத்தான் கேட்கிறார்கள்.

சுற்றுவட்டத்தில் வேறு சமூகப் பணியாளரே இல்லாத சின்னத் தொண்டு நிறுவனத்தில் தனியாக இருப்பவருக்கு என்ன சொல்வதென்றால், அங்கே என் அனுபவம் மெலிந்தது. மழைக் காலத்தில் ஒரே ஒரு முறை கூகுள் மீட்டில் கூடினோம். பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டார்கள், ஒருவர் வீட்டில் குக்கர் விசில். அந்த மாதம் கேஸ் எதையும் எடுக்காமல் கலைந்தோம். பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எப்படி வாயைத் திறப்பது?