டிசம்பரில் புக்கிங், தையில் டெலிவரி: கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வருஷக் கடைசித் தள்ளுபடியில் கார் புக் செய்துவிட்டு, மார்கழி கழியட்டும் என்று தை பிறந்தபின் வண்டி எடுக்க நினைப்பவர்கள் முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள். புக்கிங் தாளில் எழுதித் தரும் விலைக்கு எந்த உறுதியும் கிடையாது. ஷோரூம் எந்த நாளில் பில் போடுகிறதோ அந்த நாளின் விலையைத்தான் நீங்கள் கட்டுவீர்கள். இது தெரியாமல் திருச்சியில் ஒரு குடும்பம் பேசிய தொகைக்கு மேல் 1,29,030 ரூபாய் கட்டியிருக்கிறது. அவர்களுடைய கொட்டேஷன், புக்கிங் தாள், பில் மூன்றையும் வரிவரியாகப் பார்த்துவிட்டு எழுதுகிறோம்.

2024 டிசம்பர் 12 அன்று புக்கிங். நாலு மீட்டருக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டி, ஆயுள் வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேராத எக்ஸ் ஷோரூம் விலை 9,84,000. தள்ளுபடி 25,000, பழைய காரைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000, ஆக 45,000 குறைத்துத் தருவதாகப் பேச்சு. முன்பணம் 21,000. வீட்டுப் பெரியவர் மார்கழியில் வண்டி எடுக்கக் கூடாது என்றிருக்கிறார். விற்பனையாளர் உடனே, "அதனால என்னங்கய்யா, உங்க விலையை லாக் பண்ணிடறோம். தை பொறந்ததும் வந்து எடுத்துக்குங்க" என்று சொல்லியிருக்கிறார். புக்கிங் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த வரியை யாரும் படிக்கவில்லை: டெலிவரி நாளில் நடப்பில் உள்ள விலையே வசூலிக்கப்படும், திட்டச் சலுகைகள் முன்னறிவிப்பின்றி மாறலாம்.

2025 ஜனவரி 1 முதல் கார் கம்பெனிகள் பலவும் விலையை ஏற்றின. டிசம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டுத்தான் ஏற்றின. ஷோரூமில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. இந்த வண்டிக்கு ஏறியது 21,000. புது விலை 10,05,000. இருபத்தோராயிரம்தானே என்று தோன்றும். ஆனால் இங்கே 10 லட்சம் என்கிற கோட்டைத் தாண்டியாகிவிட்டது.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய, பதிவின்போது ஒரே தடவை கட்டும் ஆயுள் வரிப்படி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி போல ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவதில்லை. கோட்டைத் தாண்டினால் முழு விலைக்கும் மேல் விகிதம்தான். 9,84,000க்கு 13 சதவீதம் 1,27,920. 10,05,000க்கு 18 சதவீதம் 1,80,900. வரியில் மட்டும் 52,980 கூடிவிட்டது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு விற்பவர் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வருமான வரி, பிடிக்க வேண்டும், அது 10,050. டிசம்பர் சலுகை டிசம்பரோடு முடிந்தது என்று 45,000 போனது. 21,000, 52,980, 10,050, 45,000. கூட்டினால் 1,29,030. இதில் டிசிஎஸ் தொகையை மட்டும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரி இல்லாதவர்கள் திரும்பப் பெறலாம். இதைக்கூட அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரிக் கணக்கில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் எழுந்து வரவில்லை என்று கேட்கலாம். பழைய காரை டிசம்பரிலேயே ஒப்படைத்துவிட்டார்கள். நல்ல நாள் குறித்து, சொந்தக்காரர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. மனிதர்களை இப்படி நிற்க வைத்துவிட்டுத்தான் பில் நீட்டப்படுகிறது. புது வண்டிக்குப் பில் போடும் நாள்வரை பழைய வண்டியின் சாவியைக் கொடுக்கவே கூடாது. கொடுக்கும் நாளில் தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதிய ரசீது வாங்குங்கள். உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இத்தனையையும் விட மனது ஆறாத விஷயம் வண்டியைப் பார்த்தபின்தான் தெரிந்தது. "2025 மாடல்" என்று கொடுத்த வண்டியின் சேஸிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து ஆர் (R). பெரும்பாலான கம்பெனிகளில் அந்தப் பத்தாவது எழுத்து தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும்: 2023க்குப் பி (P), 2024க்கு ஆர் (R), 2025க்கு எஸ் (S), 2026க்கு டி (T). மாதத்துக்கான எழுத்து இருக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருந்த நாலு எண்கள் 3024, அதாவது 2024இன் 30ஆவது வாரம். விற்பனைச் சான்றான 21ஆம் படிவத்தில் தயாரிப்பு மாதம் 2024 ஆகஸ்ட் என்றே இருந்தது. டீலர் பழைய விலைக்கு வாங்கி யார்டில் நிறுத்தியிருந்த 2024 வண்டியை 2025 விலைக்கு, தள்ளுபடியும் இல்லாமல் தலையில் கட்டியிருக்கிறார்கள். விற்கப் போகும்போது சந்தை தயாரிப்பு ஆண்டைப் பார்த்துத்தான் விலை சொல்லும்.

மார்கழிக்கு மரியாதை கொடுத்துக்கொண்டே இதைத் தவிர்க்க வழி உண்டு. போன வருஷ வண்டி போதும், தள்ளுபடிதான் முக்கியம் என்றால், டிசம்பர் 31க்குள் பில், இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் மூன்றையும் முடித்து, வண்டியை ஷோரூமிலேயே நிறுத்திவிட்டுத் தையில் பூஜை போட்டு எடுங்கள். அதுவரை கீறல், சேதம் எல்லாம் ஷோரூம் பொறுப்பு என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் காலமும் கடன் தவணையும் ஒரு மாதம் முன்னாலேயே ஓடத் தொடங்கும், நஷ்டம் அவ்வளவுதான். புது வருஷ வண்டிதான் வேண்டும் என்றால் ஜனவரி விலையை ஒப்புக்கொண்டு, தயாரிப்பு ஆண்டைப் புக்கிங் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். இரண்டில் எது உங்களுக்குத் தோதோ அதை எடுக்கலாம். ஜனவரி விலையைக் கொடுத்து டிசம்பர் வண்டியை வாங்குவதுதான் கூடாது.

பில் தேதி உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி, செஸ் சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆனது. நீளம் நாலு மீட்டருக்குள், என்ஜின் 1200 சிசிக்குள் இருக்க வேண்டும். 1500 சிசிக்குள் உள்ள சிறிய டீசல் கார்களுக்கு 31 இருந்தது 18 ஆனது. பெரிய வண்டிகளுக்கு 45 முதல் 50 வரை இருந்தது 40 ஆனது. அந்த நாளுக்குப் பின் பில் போட்ட வண்டிக்கு, புக்கிங் எப்போது செய்திருந்தாலும், டீலர் எப்போது வாங்கி வைத்திருந்தாலும், புது விகிதம்தான் பொருந்தும். "இது பழைய ஸ்டாக், பழைய வரி" என்று சொல்லி வாங்கியிருந்தால் பில்லில் உள்ள ஜிஎஸ்டி சதவீதத்தை எடுத்துப் பாருங்கள். எக்ஸ் ஷோரூம் விலைக்குள் ஜிஎஸ்டி அடங்கியிருப்பதால், 29 சதவீத வரியோடு 9,84,000 ஆன வண்டி 18 சதவீதத்தில் சுமார் 9 லட்சத்துக்கு வர வேண்டும்.

இனி வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த ஆன்ரோடு கொட்டேஷன். மொத்தத் தொகையைப் பார்த்துத் தலையாட்டுவதால்தான் பணம் கசிகிறது. திருச்சிக் கொட்டேஷனில் "ஆர்டிஓ செலவு 9,500" என்று ஒரே வரி, வரிக்குப் புறம்பாக. காருக்கு மத்திய விதிப்படி பதிவுக் கட்டணம் 600, கடன் இருந்தால் அதைப் பதிய 1,500, அட்டைக்கு 200. சில்லறைக் கட்டணங்களைச் சேர்த்தாலும் மீதிக்குக் கணக்கு இல்லை. அரசின் வாகன் போர்ட்டல் ரசீதில் வரியும் கட்டணமும் பைசா சுத்தமாக இருக்கும்; அந்த ரசீதைக் கேட்டு, அதில் உள்ளதை மட்டும் கொடுங்கள். "ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500" அடுத்த வரி. கம்பெனியிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவருவது எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே அடக்கம். அதைத் தனியாகக் கொடுக்க முடியாது என்று எழுத்தில் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த வரி காணாமல் போய்விடும். நம்பர் பிளேட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 2019 ஏப்ரல் 1க்குப் பின் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கம்பெனியே வண்டியோடு தர வேண்டும்.

"அக்சஸரீஸ் கிட் 16,900, கட்டாயம்" என்பதும் இருந்தது. மேட், மட் ஃப்ளாப், சீட் கவர், டெஃப்லான் கோட்டிங். எதுவும் கட்டாயம் கிடையாது.

இன்சூரன்ஸில்தான் டீலருக்கு நல்ல வருமானம், அதனால்தான் அதில் இத்தனை வற்புறுத்தல். புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது: 2022 அறிவிப்பின்படி 1000 சிசி வரை 6,521, 1000 முதல் 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596, ஜிஎஸ்டி தனி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதில் மாற்றம் இருக்காது. வித்தியாசம் முழுக்க ஒரு வருஷ சொந்தச் சேதப் பகுதியிலும், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காதது), என்ஜின் பாதுகாப்பு, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி தொலைந்தால் பில் தொகையைத் தருவது) போன்ற கூடுதல்களிலும்தான். ஷோரூம் கொட்டேஷனை இந்த மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். அதே ஐடிவி (வண்டி தொலைந்தால் கம்பெனி தரும் உச்சத் தொகை), அதே கூடுதல்களை வைத்து வெளியில் இரண்டு கம்பெனிகளில் விலை கேட்டு ஒப்பிடுங்கள். புது வண்டிக்கு ஐடிவி எக்ஸ் ஷோரூம் விலையில் 95 சதவீதம்; அதைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டினால் வண்டி தொலைந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

பழைய காரை விற்றவர்களுக்கு இன்னொன்று. கிளெய்ம் வாங்காமல் ஐந்து வருஷம் ஓட்டியிருந்தால் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் உங்கள் பெயரில் இருக்கிறது, அது வண்டியோடு போகாது. பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் விற்ற ஆதாரத்தைக் கொடுத்துச் சான்று வாங்கினால் புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதி குறையும். மூன்று வருஷத்துக்குள் பயன்படுத்த வேண்டும். திருச்சிக் குடும்பத்துக்கு 50 சதவீதம் இருந்தது. ஷோரூம் கேட்கவும் இல்லை, கழிக்கவும் இல்லை. "வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது" என்று மிரட்டினால் நம்பாதீர்கள். கேஷ்லெஸ் என்பது ரிப்பேர் செலவை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டுவது. அந்த ஒர்க்‌ஷாப் இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேஷ்லெஸைத் தீர்மானிக்கிறது.

கடனை ஷோரூமிலேயே எடுப்பவர்கள், அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை போடும் ஃப்ளாட் வட்டியில் ஏமாறுகிறார்கள். 8 லட்சம், ஐந்து வருஷம், "6 சதவீதம்தான்" என்றால் மாதம் 17,333. குறையும் நிலுவைக் கணக்கில் அது சுமார் 10.85 சதவீத வட்டி. வங்கியில் 9 சதவீதத்துக்குக் கிடைத்தால் தவணை 16,607தான். ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய 43,600 மிச்சம்.

தள்ளுபடி உண்மையிலேயே கிடைக்கும் காலங்கள் உண்டு. ஆடி, மார்கழி, மார்ச் கடைசி வாரம், புது முகப்போடு அடுத்த மாடல் வரப்போகும் மாதங்கள். காத்திருப்புப் பட்டியல் உள்ள வண்டிக்கு யாரும் குறைக்க மாட்டார்கள், அலைய வேண்டாம். ஒரே கம்பெனியின் மூன்று டீலர்களிடம், பக்கத்து மாவட்டம் உட்பட, பிரித்து எழுதிய கொட்டேஷன் வாங்குங்கள். மாநிலம் முழுக்க வரி ஒன்றுதான், ஆகவே வித்தியாசம் டீலரின் பங்கில்தான் வரும். வரி குறைவு என்று புதுச்சேரியில் போலி முகவரி கொடுத்துப் பதிவு செய்யும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முழுப் பணத்தைக் கட்டும் முன் சேஸிஸ் எண்ணை வாங்கி, யார்டுக்கே போய் அந்த வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஐந்து டயரின் வாரமும், கதவு, பானெட் விளிம்புகளில் பெயின்ட் நிறமும் ஒத்துப் போக வேண்டும். போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கக் கூடாது. ஓடிய கிலோமீட்டர், பேட்டரித் தேதி, பல மாதம் வெயிலில் நின்றதால் வைப்பர் ரப்பரில் விழும் வெடிப்பு இவற்றையும் பாருங்கள். ரிஜிஸ்ட்ரேஷன் ஆகிவிட்டால் வண்டியை மாற்றித் தரவே மாட்டார்கள்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 50 லட்சம் வரை அங்கேயே, இரண்டு வருஷத்துக்குள். கொடுத்த தொகை 10 முதல் 20 லட்சம் என்றால் கட்டணம் 400 ரூபாய்தான், வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொட்டேஷன், புக்கிங் தாள், பில், 21ஆம் படிவம், வாகன் ரசீது, பணம் கட்டிய வங்கி விவரம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைக்க வேண்டும். திருச்சிக் குடும்பத்திடம் இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. டிசம்பர் 13 காலை விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: "பொங்கல் வரைக்கும் சேம் பிரைஸ் சார், கவலைப்படாதீங்க." பழைய போனை மாற்றும்போது அழிந்துவிடாமல் அதைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார்கள்.