காஃப்காவிலிருந்து முயலுக்கு

எங்கள் பில்லிங் மென்பொருள் கோவை ஜவுளிக்கடை ஒன்றின் 14 கிளைகளில் ஓடுகிறது. பில் போட்டால் இருப்பு குறைய வேண்டும், கணக்கில் ஏற வேண்டும், வாடிக்கையாளருக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். முன்பு எல்லாவற்றையும் ஒரே புரோகிராம் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தது. எஸ்.எம்.எஸ். இழுத்தால் கவுண்டரில் பில்லே நின்றுவிடும். தீபாவளிக் கூட்டத்தில் அப்படி நின்ற அன்று முதலாளி சொன்னதை இங்கே எழுத முடியாது. நடுவில் ஒரு மெசேஜ் புரோக்கர், அதாவது செய்திகளை வாங்கி வைத்துக்கொண்டு அந்தந்த வேலைக்குக் கொடுக்கும் மென்பொருள், வைப்பது என்று அன்றே முடிவானது.

ஐபிஎம் எம்க்யூ என்ற புரோக்கரை லைசென்ஸ் விலையைப் பார்த்ததுமே விட்டோம். 1993 முதல் இருக்கும் சரக்கு, வங்கிகளுக்குச் சரி. ஆறு பேர் ஆபீசில் யானையைக் கட்டித் தீனி போட முடியாது.

நான் காஃப்கா என்ற இன்னொரு புரோக்கரைப் பிடித்தேன். இன்டர்வியூவில் கேட்கிறார்கள் என்பதுதான் பாதிக் காரணம். அது வரிசையை விடப் பதிவேடு மாதிரி. படித்தாலும் செய்தி அழியாது; நாமாக மாற்றாவிட்டால் 7 நாள் கிடக்கும். கிளை எண்ணைக் கீயாக (செய்தியின் அடையாளமாக) வைத்ததால் ஒரு கிளையின் செய்திகள் ஒரே பார்ட்டிஷனில் (பதிவேட்டின் ஒரு பகுதியில்), போட்ட வரிசையிலேயே வந்தன. பில்லுக்கு முன்னால் பில் ரத்து வந்து நிற்கும் கூத்து இல்லை. இருப்புக் கணக்கில் நான் ஒரு பிழை விட்டபோது, இருப்பைத் திங்கட்கிழமை நிலைக்குக் கொண்டுபோய், எதுவரை படித்தோம் என்ற குறியான ஆஃப்செட்டையும் அங்கே திருப்பி மறுபடி ஓடவிட்டேன். அன்று காஃப்காவைக் கும்பிட்டேன்.

அடி எஸ்.எம்.எஸ்.ஸில் விழுந்தது. ஒரு பில்லில் செல்பேசி எண் ஒன்பது இலக்கம். எங்கள் நிரல் தடுக்கி விழும், மறுபடி அதையே எடுக்கும், மறுபடி விழும். அந்தப் பார்ட்டிஷனில் பின்னால் நின்றதெல்லாம் காத்துக் கிடந்தது. இன்னொரு நாள் ஒரு கட்டு செய்திகளை முடிக்க 5 நிமிடத்துக்கு மேல் ஆனது. கன்ஸ்யூமர் (செய்தியை எடுத்து வேலை செய்யும் புரோகிராம்) செத்துவிட்டான் என்று காஃப்கா வேலையை அடுத்தவனிடம் கொடுக்க, ஒரே பில்லுக்கு இரண்டு எஸ்.எம்.எஸ். இரண்டும் எங்கள் தப்புதான், திருத்திவிடலாம். ஆனால் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப இத்தனை சாமர்த்தியம் வேண்டுமா?

ராபிட்எம்க்யூ என்ற புரோக்கருக்கு மாறினோம். கெட்ட செய்தியை நிராகரித்தால் டெட் லெட்டர் கியூவில் (கெட்டவற்றுக்கான தனி வரிசையில்) போய் ஒதுங்கும்படி வைத்தோம், மற்றவை நகர்கின்றன. கூட்டம் ஏறினால் இன்னும் இரண்டு கன்ஸ்யூமர், அவ்வளவுதான். காஃப்காவில் எங்கள் கன்ஸ்யூமர் குழுவில் பார்ட்டிஷன் எண்ணிக்கைக்கு மேல் ஆள் சேர்த்தால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். 15672 போர்ட்டில் வரும் ராபிட்எம்க்யூ நிர்வாகப் பக்கத்தைக் கடை மேனேஜரே பார்த்துப் புரிந்துகொள்கிறார்.

குறை உண்டு. சாதாரண கியூவில் 'ஆக்' (வேலை முடிந்தது என்ற பதில்) கொடுத்த செய்தி போனது போனதுதான். மெமரி எல்லையைத் தாண்டினால் அனுப்புகிறவனையே நிறுத்திவைக்கும். ஒரே கியூவை இரண்டு பேர் படித்தால் வரிசை குலையும். அதனால் இருப்புக்கு மட்டும் கிளைக்கு ஒரு கியூ, கியூவுக்கு ஒரே கன்ஸ்யூமர். பழையதை மறுபடி ஓட்டும் வசதி போய்விட்டதே என்று கொஞ்ச நாள் புலம்பினேன். பில் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில்தானே இருக்கிறது என்று கூட இருந்த பையன் சொன்னான். வாயை மூடிக்கொண்டேன்.

இன்று காலை டெட் லெட்டர் கியூவில் மூன்று பில். மூன்றிலும் செல்பேசி எண் இடத்தில் கேஷியர் பத்து சைபர் அடித்திருக்கிறார்.