ரொறன்ரோ டிஸ்க், ஜேர்மன் அக்கவுண்ட்: காசு கட்ட முதல் இதைப் பாருங்கள்

ஐரோப்பாவில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்து தந்த கேம் டிஸ்க் உங்களிடம் இருந்தால் அதைப் போட்டு விளையாடுங்கள், பிரச்சினை இல்லை. ஆனால் அந்தக் கேமுக்கு மேலதிகமாக விற்கிற டிஎல்சி (தனியாகக் காசு கட்டி இறக்கும் கூடுதல் பாகம்), சீசன் பாஸ் (அப்படியான பாகங்களை மொத்தமாக வாங்குவது) எதையும் இங்கத்தைய அக்கவுண்டில் யோசிக்காமல் வாங்கிவிடாதீர்கள். காசு போகும், சாமான் வேலை செய்யாமல் போகலாம், திருப்பிக் கேட்டால் உங்களுக்கே சட்டம் படிப்பிப்பார்கள்.

நடந்தது இதுதான். ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஒரு கலியாணத்துக்கு டோர்ட்முண்ட் வந்தபோது, தான் விளையாடி முடித்த கேம்களை “நீ வைச்சிரடா” என்று தந்துவிட்டுப் போனார். டிஸ்க் என் கொன்சோலில் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. கதை முடிந்த கையோடு அதன் கூடுதல் பாகத்தை, அதாவது டிஎல்சியை, ஒன்லைன் கடையில் 34.99 யூரோ கட்டி வாங்கினேன். விடியவிடிய டவுன்லோட். கேமைத் திறந்தால் புதுப் பாகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூட்டுப் படமும் “வாங்குங்கள்” என்ற பொத்தானும். அதை அமத்தினால் கடைக்குப் போகிறது. கடையோ “இதை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்” என்கிறது. திரும்பக் கேமுக்குள் வந்தால் மறுபடி “வாங்குங்கள்”.

வாடிக்கையாளர் சேவையில் முதல் வந்தவர் கொன்சோலை நிப்பாட்டிப் போடச் சொன்னார். அடுத்தவர் லைசன்ஸைப் புதுப்பிக்கச் சொன்னார். அதற்கடுத்தவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இறக்கச் சொன்னார், அதையும் செய்தேன். கடைசியாக வந்த ஒருவர்தான் டிஸ்க் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்த உடனேயே காரணத்தைச் சொன்னார்: டிஸ்க் வட அமெரிக்காவுக்கு உரியது, நான் வாங்கிய பாகம் ஐரோப்பாவுக்கு உரியது, உள்ளுக்குள்ளே இரண்டுக்கும் வேறு வேறு இலக்கம், ஒன்றை மற்றது அடையாளம் காணாது. அப்போ என் காசு? டவுன்லோட் தொடங்கிவிட்டதால் 14 நாட்களுக்குள் விலகும் உரிமை இல்லையாம். வாங்கும் பக்கத்தில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, பயன்பாட்டு நிபந்தனைகளுக்கு ஒரு லிங்க் வந்தது. கடை ஓடுவதே என் கொன்சோலில்தான், உள்ளே எந்த டிஸ்க் கிடக்கிறது என்று அந்தக் கொன்சோலுக்குத் தெரியும், காசை வாங்கமுதல் ஒரு வரி காட்ட அவர்களுக்கு என்ன கஷ்டம்?

டிஸ்க் எந்தப் பக்கத்தது என்று பெட்டியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். முன்பக்க மூலையில் ஆங்கில எழுத்துப் போட்ட கறுப்பு வெள்ளைக் கட்டம் இருந்தால் அது இஎஸ்ஆர்பி என்ற வயது முத்திரை, அதாவது வட அமெரிக்கா. 12, 16, 18 என்று வயது போட்ட பெகி என்ற முத்திரைச் சதுரம் என்றால் ஐரோப்பா. ஜேர்மனியில் வாங்கினால் ஜேர்மன் வயது முத்திரையான யுஎஸ்கேயின் கலர் சாய்சதுரம் இருக்கும்.

கிப்ட் கார்ட்டிலும் இதே வில்லங்கம்தான். எங்கள் குடும்பங்கள் ஒரு நாட்டிலா இருக்கின்றன? சித்தி லண்டனில், மாமா சூரிச்சில், மச்சாள் பாரிஸில். பிள்ளையின் பிறந்தநாளுக்கு லண்டன் சுப்பர்மார்க்கெட்டில் பவுண்ட்ஸுக்கு வாங்கிய கார்ட்டை ஜேர்மன் அக்கவுண்டில் அடித்தால் பெரும்பாலும் ஏற்காது, சுவிஸ் பிராங்க் கார்ட்டும் அப்படித்தான். சில கொன்சோல்களில் அக்கவுண்டின் நாட்டைப் பிறகு மாற்றவே முடியாது. ஆகவே பரிசு கொடுக்க விரும்புகிறவர்களிடம் காசாகவே தரச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

கணினியில் விளையாடுகிறவர்கள் தப்பினோம் என்று நினைக்க வேண்டாம். போலந்து, செக், ருமேனியா, பால்டிக் நாடுகளில் மலிவாக விற்ற கேம் கீகளை (கேமைத் திறக்கும் குறியீடுகளை) மற்ற நாடுகளில் திறக்க முடியாதபடி பூட்டியதற்காக, ஐரோப்பிய ஆணையம் 2021 ஜனவரியில் ஸ்டீம் என்ற கணினிக் கேம் கடையை நடத்தும் வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்குமாக மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம் போட்டது. வால்வ் வழக்குப் போட்டு 2023இல் தோற்றது. ஒரே சந்தை என்று பெயர், அந்தச் சந்தைக்குள்ளேயே மதில். அதற்கு முன்னரும் 1990களில் பிரிட்டனில் மலிவாகக் கிடைத்த நின்டெண்டோ சாமான்கள் ஜேர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் போகாமல் தடுத்ததற்காக 2002இல் அந்தக் கொம்பனிக்கும் அதன் விநியோகஸ்தர்களுக்கும் பெரிய அபராதம் விழுந்தது, நின்டெண்டோவின் பங்கு மட்டும் 14.9 கோடி யூரோ, பிறகு நீதிமன்றத்தில் கொஞ்சம் குறைந்தது.

இங்கே வளர்ந்த அண்ணாமாருக்கு இது புதுக்கதை இல்லை. இங்கத்தைய பழைய டிவிகளின் பால் (PAL) முறை 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 தரம் படம் மாறும், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. கேமை ஒழுங்காக மாற்றி எழுதாமல் அப்படியே விற்றதால் பல கேம்கள் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடின, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. வேகத்துக்கே பெயர்போன கேம் நாயகன் சோனிக் இங்கே மெதுவாக ஓடினான், பாட்டும் இழுத்து இழுத்துக் கேட்டது. 1995இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்த குரோனோ டிரிகர் என்ற கேம் இங்கே 2009இல்தான் கடைக்கு வந்தது. பிளேஸ்டேஷன் 3 அங்கே 2006 நவம்பரில், இங்கே 2007 மார்ச்சில். பிந்தித் தந்ததும் போதாமல், பழைய பிளேஸ்டேஷன் 2 கேம்களை ஓட்டுவதற்கான முக்கிய சிப்பையும் கழற்றிவிட்டே தந்தார்கள். அங்கே 599 டொலர், இங்கே 599 யூரோ.

விலையைப் பற்றி நியாயமாகவும் சொல்லவேண்டும். ஐரோப்பிய விலைக்குள் வரி அடங்கும், அமெரிக்க விலைக்கு மேலே வரி தனியாக வரும், எனவே எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டுக் கத்துவது சரியில்லை. ஆனால் 2022 ஓகஸ்ட்டில் பிளேஸ்டேஷன் 5 விலையை ஐரோப்பா, ஜப்பான், கனடா எல்லாவற்றிலும் சோனி ஏற்றியபோது அமெரிக்காவில் மட்டும் கைவைக்கவில்லை, அதற்கு எந்த வரிக்கணக்கும் விளக்கம் சொல்லாது.

சரி, மாட்டிக்கொண்டால் என்ன செய்வது. கடை 14 நாள் கதை சொன்னால் அதோடு நிற்காதீர்கள். விலகும் உரிமை வேறு, விற்ற டிஜிட்டல் பொருள் சொன்னபடி வேலை செய்யாவிட்டால் கேட்கும் உரிமை வேறு. இரண்டாவது, 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இருக்கிறது: முதலில் சரிசெய்து தரவேண்டும், முடியாவிட்டால் விலையைக் குறைக்கவோ ஒப்பந்தத்தை முறிக்கவோ கேட்கலாம். என் முறைப்பாடு இப்போது இந்த அடிப்படையில்தான் போயிருக்கிறது, பதில் இன்னும் இல்லை. பற்றுச்சீட்டு, பூட்டுப் படம் தெரிகிற ஸ்கிரீன்ஷொட், சேவை ஆட்களுடன் பேசிய சாட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஜேர்மனியில் என்றால் உங்கள் மாநிலத்தின் நுகர்வோர் ஆலோசனை நிலையமான ஃபெர்பிராவுஹர்சென்ட்ராலவிடம் போகலாம், விற்றவர் வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் என்றால் ஐரோப்பிய நுகர்வோர் மையம் இலவசமாக உதவும்.

கோபத்தில் வங்கிக்குச் சொல்லியோ பேபால் மூலமோ காசை இழுத்து எடுக்க வேண்டாம். அப்படிச் செய்தால் பல கடைகள் அக்கவுண்டையே பூட்டிவிடும், அதற்குள் நீங்கள் இத்தனை வருடம் வாங்கிய கேம்களும் சேர்ந்தே பூட்டுப்படும்.