மூன்றாம் ஜார்ஜின் பித்து: போர்ஃபிரியாவா, மனநோயா?

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜை 1788இல் பிடித்த பித்துக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு.

1966இல் மக்கால்பைன், ஹன்டர் என்ற தாயும் மகனுமான மனநல மருத்துவர்கள் சொன்னது போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய். வயிற்றுவலி, கைகால் தளர்ச்சி, நிறம் மாறிய சிறுநீர் ஆகியவை சான்றுகள். 2005இல் மன்னரின் தலைமுடியில் ஆர்சனிக் என்ற நஞ்சு மிகுந்திருப்பது தெரிந்ததும், நோயைத் தூண்டியது அதுதானோ என்ற பேச்சும் எழுந்தது.

மற்றொன்று, கட்டுக்கடங்காத எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை மனநோய். எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது. வாயில் நுரை தள்ளும்வரை மன்னர் ஓயாமல் பேசினார். நோய் முற்றிய நாட்களில் எழுதிய கடிதங்களில் ஒரே வாக்கியம் 400 சொற்கள்வரை நீள்கிறது. சிறுநீரின் நீலநிறத்துக்கு, மருந்தாகக் கொடுத்த ஜென்ஷியன் மூலிகையே காரணமாக இருக்கலாம். பாவம், அந்த மனிதரைக் கட்டிப்போட்டு வைத்தியம் பார்த்தார்கள்!